புது ஜிபிஎஸ் வாங்கப் போகாதே தம்பி, முதலில் ஒயரைப் பார்!

போட்டில் ஜிபிஎஸ் நின்றுபோனால் நம் பிள்ளைகள் முதலில் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். கரைக்கு வந்ததும் கடன் வாங்கிப் புதுப் பெட்டி எடுத்துவிடுகிறார்கள். இந்த மூன்றும் வேண்டாம். பெரும்பாலும் கோளாறு பெட்டிக்குள் இருப்பதே இல்லை. பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயரில் இருக்கும்; பெட்டியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் இருக்கும்; இல்லையென்றால் போன வாரம் நீயே மாட்டிய விலை குறைந்த எல்இடி லைட்டில் இருக்கும். அங்கெல்லாம் பார்க்காமல் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து அதே பழைய ஒயரில் மாட்டினால், அடுத்த மாதம் அதுவும் கண்ணை மூடும்.

நீ ஐஸ் ஏற்றும் அவசரத்தில் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எதை முதலில் பார்க்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசையை மாற்றாதே.

1. பெட்டியைத் தட்டாதே, திரையைப் படி

"சிக்னல் இல்லக்கா" என்று நீ ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறாய். அது நாலு வேறு வேறு கோளாறு.

- திரையே கருப்பா? அது சிக்னல் பிரச்சினை இல்லை, கரண்ட் பிரச்சினை.
- திரை வருகிறது, சாட்டிலைட் பக்கத்தில் ஒரு கட்டைகூட எழும்பவில்லையா? ஆன்டெனா அல்லது கேபிள்.
- கட்டைகள் எழும்புகின்றன, ஆனால் குட்டையாக நின்று ஆடுகின்றனவா? மேலே ஏதோ மறைக்கிறது, இல்லை ஜாயின்ட்டில் தண்ணீர், இல்லை பக்கத்தில் இருக்கும் வேறு சாமான் இடைஞ்சல் கொடுக்கிறது.
- கட்டைகள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன, காட்டுகிற இடம் மட்டும் தப்பா? செட்டிங்.

இந்த நாலாவதுக்குத்தான் நான் பயப்படுகிறேன். சிக்னல் இல்லை என்று சொல்கிற மெஷினை நீ நம்ப மாட்டாய், கண்ணை வெளியே வைத்துப் போட்டை ஓட்டுவாய். தப்பான இடத்தைத் தெளிவாகக் காட்டுகிற மெஷினை நம்பி நேராகப் பாறையில் கொண்டு ஏற்றுவாய்.

சாட்டிலைட் பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இன்றைக்கே மெனுவில் தேடிக் கண்டுபிடித்து வை. சரியான இடம் காட்ட மெஷினுக்குக் குறைந்தது 4 சாட்டிலைட் வேண்டும். அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து இங்கே வந்து சேர்கிற சிக்னல் ரொம்பப் பலவீனம். கீழே நாம் செய்கிற சின்னத் தப்புகூட அதைக் கெடுத்துவிடும் என்பதற்கு அதுதான் காரணம்.

2. தடைக்காலம் முடிந்து முதல் நாளா? பொறுமையாக இரு

சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கரையில்தான். இரண்டு மாசம் தூங்கிய ஜிபிஎஸ்ஸிடம் எந்தச் சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்ற கணக்கு பழசாகிப் போயிருக்கும். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் பாதைக் கணக்கை 30 செகண்டுக்கு ஒரு தடவை சொல்லும். எல்லாச் சாட்டிலைட்டின் பட்டியலும் முழுசாக வந்து சேர 12.5 நிமிஷம் ஆகும். நீ அஞ்சாவது நிமிஷத்தில் பொறுமை இழந்து அணைத்துப் போட்டால், அது திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

குறுக்கு வழி: கடலுக்குப் போவதற்கு முந்தின நாளே, போட்டை வானம் தெரிகிற இடத்தில் கட்டிவிட்டு, ஜிபிஎஸ்ஸைப் போட்டு 20 நிமிஷம் விட்டுவிடு. நீ அந்த நேரத்தில் டீசல் கணக்கைப் பார்.

முக்கியமான தடை ஒன்று: யாராவது "ஃபேக்டரி ரீசெட் போடு, சரியாகிடும்" என்று சொன்னால் கையைக் கட்டிக்கொள். நீயும் உன் அப்பாவும் சேர்த்து வைத்த பார் பாயிண்ட் அத்தனையும் ஒரு பட்டனில் போய்விடும். எழுதி எடுத்துக்கொள்ளாமல் அந்தப் பட்டனில் விரல் வைக்காதே.

3. கரண்ட்: அளக்க வேண்டியது பேட்டரியில் இல்லை, பெட்டியின் பின்னால்

"பேட்டரி புதுசுக்கா" என்று சொல்லாதே. பேட்டரி புதுசாக இருந்து என்ன பயன், வழியில் ஒயர் தின்றுவிட்டால்? மல்டிமீட்டரை எடுத்து, எல்லா லைட்டும் வயர்லெஸ்ஸும் ஓடும்போது, ஜிபிஎஸ்ஸின் பின்னால் வருகிற பிளக்கில் அள. 12 வோல்ட் பேட்டரி முழுசாக இருந்து, எதுவும் ஓடாமல் ஓய்வாக இருந்தால் 12.6 காட்டும். இன்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது 13.8 முதல் 14.4 வரை. அதே நேரத்தில் பேட்டரி முனையில் 12.6 இருந்து பெட்டியில் 11 வந்தால், நடுவில் எங்கோ பச்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பச்சையை எங்கே தேடுவது? ஃப்யூஸ் ஹோல்டர், மைனஸ் ஒயரின் கடைசி முனை, ஒயர் திருகி இன்சுலேஷன் டேப் சுற்றிய இடம். இந்த மூன்றுதான். மைனஸ் ஒயரை யாருமே பார்ப்பதில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வெளியே பிளாஸ்டிக் பளபளவென்று இருக்கும், உரித்தால் உள்ளே கருத்துப் போயிருக்கும், மாங்காய்க்குள் வண்டு மாதிரி. பளிச்சென்ற செம்பு தெரிகிற வரைக்கும் வெட்டு. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய ஒயரை போட்டில் போடாதே. வெள்ளீயம் பூசிய ஒயர் கேட்டு வாங்கு, உப்புக்காற்றை அது தாங்கும். முனையை நசுக்கிப் போடும் லக்கு வைத்து, மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடு. வெறும் டேப் சுற்றினால் ஒரு சீசன்கூடத் தாங்காது.

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் ஒவ்வொரு தடவையும் ஜிபிஎஸ் அணைந்து எரிகிறதா? ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும்போது வோல்ட் சரிகிறது. இன்ஜின் பேட்டரியிலிருந்தே இதற்கும் கொடுத்திருந்தால் அப்படித்தான் ஆகும். மெஷின்களுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி வை. முடியவில்லை என்றால் இன்ஜினை முதலில் ஸ்டார்ட் பண்ணு, அப்புறம் ஜிபிஎஸ்ஸைப் போடு.

- ஃப்யூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகாதே. போட்டே எரியும். மாற்று ஃப்யூஸ் விலை ஒரு டீ விலை.
- பெரிய போட்டில் 24 வோல்ட் ஓடும். பெட்டியின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று இருக்கும். படித்துவிட்டு மாட்டு. "அவன் போட்டுல தாங்குது" என்பது கணக்கு இல்லை.
- ஃபைபர் வள்ளம் ஓட்டுகிற தம்பிகளே, சின்ன பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வருகிறீர்கள். நல்லது. ஆனால் அதை வெறும் படகுத் தளத்தில் வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.

4. ஆன்டெனா ஈரத்துணி காயப் போடும் கம்பி இல்லை

வீல் ஹவுஸ் மேல் போய்ப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆன்டெனாவின் மேல் ஈர பனியன். பக்கத்தில் குவித்த வலை. அதன் மேல் தார்ப்பாய். சிக்னலுக்கு வானம் தெரிய வேண்டும் மக்கா. காய்ந்த ஃபைபர் கூரைக்குள் சிக்னல் ஓரளவு நுழையும். தகரம், அலுமினியம் இவற்றுக்குள் நுழையாது; ஈரத்துணி, ஈர வலை, ஆள் உடம்பு குறுக்கே வந்தால் ரொம்பக் குறைந்துவிடும். கையில் பிடிக்கிற ஜிபிஎஸ்ஸைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்துக்கொண்டு சிக்னல் வரவில்லை என்று கத்தாதே.

- ஆன்டெனா தலையில் உப்புப் படிந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடை. டீசலோ தின்னரோ வைத்துத் துடைத்தால் பிளாஸ்டிக் வெடிக்கும்.
- போட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஆன்டெனாவையும் சேர்த்து அடிக்காதே. சில பெயின்ட்டில் உலோகத்தூள் இருக்கும்.
- கொடிமரத்தின் உச்சியில் கட்டினால் நல்ல சிக்னல் வரும் என்று நினைக்கிறாய். அலையில் உச்சிதான் அதிகமாக ஆடும். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் போட்டு ஓடுகிற மாதிரி வேகம் காட்டும், திசை முள் சுற்றும். வீல் ஹவுஸ் கூரை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, நாலு பக்கமும் வானம் தெரிகிற மாதிரி இருந்தால் போதும்.
- ரேடார் சுழன்று அடிக்கிற மட்டத்தில் ஆன்டெனாவை வைக்காதே. அதற்கு மேலேயோ கீழேயோ வை. வயர்லெஸ் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

5. கேபிளை வெட்டாதே, வெட்டி ஒட்டவும் செய்யாதே

ஆன்டெனா கேபிள் சாதாரண ஒயர் இல்லை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு வலை, இரண்டும் தொடவே கூடாது. நீளமாக இருக்கிறது என்று வெட்டிக் குறைத்து இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினால் முடிந்தது. நீளம் மிச்சம் இருந்தால் பெரிய வட்டமாகச் சுருட்டிக் கட்டி வை. இறுக்கமாக மடிக்காதே, உள்ளே வலை நொறுங்கும்.

பெரும்பாலான ஆன்டெனாவுக்குள் சிக்னலைப் பெரிசாக்குகிற ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதற்கான கரண்டைப் பெட்டிதான் இதே கேபிள் வழியாக அனுப்பும். பல மெஷினில் அது 5 வோல்ட் அளவில் இருக்கும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் ஆன்டெனா முனையில் நடுப்பின்னுக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பார். வோல்ட் வந்தால் கேபிள் நல்ல நிலையில் இருக்கிறது, ஆன்டெனாவைச் சந்தேகப்படு. வரவில்லை என்றால் கேபிளையும் கழற்றிவிட்டுப் பெட்டியின் ஓட்டையிலேயே அளந்து பார். அங்கே வந்தால் குற்றவாளி கேபிள். இந்தச் சோதனைக்கு அஞ்சு நிமிஷம்தான். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்னால் இதைச் செய்தால் அவரிடம் எதைக் கேட்பது என்று உனக்கே தெரியும். அளக்கும்போது மீட்டர் முனை பின்னையும் வளையத்தையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

வெளியே இருக்கும் ஜாயின்ட்டில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்று. கேபிள் வீல் ஹவுஸுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே வராது.

6. அதே போட்டில் உள்ள எதிரி

பகலில் நன்றாக வேலை செய்கிறது, ராத்திரி லைட் போட்டதும் சிக்னல் போகிறது என்றால் சாட்டிலைட்டைக் குறை சொல்லாதே. சாட்டிலைட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்இடி லைட், இன்வெர்ட்டர், சிகரெட் லைட்டர் குழியில் செருகிய மலிவு மொபைல் சார்ஜர், டிவி ஆன்டெனா, ஒவ்வொன்றாக அணைத்துப் பார். எதை அணைத்ததும் கட்டை நிமிர்கிறதோ அதுதான் கள்ளன். அதைத் தள்ளி வை, இல்லை தூக்கி எறி.

டிவி ஆன்டெனாவா என்று சிரிக்காதே. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் 2001இல் துறைமுகம் முழுக்க ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனது. தேடித் தேடிப் பார்த்தால், கட்டியிருந்த படகுகளில் இருந்த, உள்ளே ஆம்ப்ளிஃபையர் வைத்த டிவி ஆன்டெனாக்கள்தான் காரணம். எல்இடி லைட்டு வயர்லெஸ்ஸையும், கப்பல்களின் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ்ஸையும் கெடுக்கிறது என்று 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை தனியாக எச்சரிக்கையே விட்டது. போட்டில் நீ கட்டுகிற லைட் வரிசையை ஜிபிஎஸ் ஒயரோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டாதே. இரண்டும் தனித்தனி வழியில் போகட்டும்.

7. சிக்னல் நிறைய, இடம் தப்பு

இதை நிதானமாகப் படி. அவசரம் என்றாலும் இந்த ஒன்றில் அவசரப்படாதே.

வாட்ஸ்அப்பில் வருகிற பாயிண்ட், இன்காய்ஸ் மீன்வளத் தகவலில் வருகிற எண், பக்கத்துப் போட்டு ஸ்ராங்கு வயர்லெஸ்ஸில் கத்துகிற எண், மூன்றும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்காதே. வெட்ஜ் பேங்க் பக்கம் ஒரு பாயிண்ட், 7 டிகிரி 45.50 மினிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த .50 என்பது பாதி மினிட், அதாவது 30 செகண்ட். நீ 45 மினிட் 50 செகண்ட் என்று அடித்தால் 20 செகண்ட் கூடிப்போச்சு. ஒரு மினிட் ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். 20 செகண்ட் என்றால் 617 மீட்டர் வடக்கே. பாருக்கு மேலே தூண்டில் விடுவதற்குப் பதில் வெறும் மணலில் விடுவாய்; மணல் என்று நினைத்து வலையைக் கல்லில் இறக்குவாய். வலை போனால் உன் பத்து நாள் கூலி போச்சு.

இன்னும் மோசம், மொபைல் மேப்பில் வருகிற மாதிரி 7.4550 என்று அடிப்பது. அது 7 டிகிரி 27.3 மினிட் ஆகிவிடும். 18 கடல் மைல் தெற்கே தள்ளிக் காட்டும். எல்லைக்கோடு பக்கத்தில் ஓடுகிற போட்டில் இதுமாதிரி ஒரு தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராமேஸ்வரம் தம்பிகளும் இதைக் கவனமாகக் கேளுங்கள். கச்சத்தீவுப் பக்கம் எல்லை வகுத்த 1974ஆம் வருஷ ஒப்பந்தத்திலேயே எல்லைப் புள்ளிகள் டிகிரி, மினிட், மினிட்டின் பின்னம் என்றுதான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பின்னத்தைச் செகண்ட் என்று நினைத்து அடித்தால் கோடு இடம் மாறிவிடும்.

சுலபமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி: புள்ளிக்குப் பின்னால் 60 அல்லது அதற்கு மேல் எண் இருந்தாலோ, மூன்று இலக்கம் இருந்தாலோ, அது செகண்ட் இல்லவே இல்லை. எழுதும்போதே பக்கத்தில் "மினிட்" அல்லது "செகண்ட்" என்று ஒரு வார்த்தை எழுதிவிடு. வயர்லெஸ்ஸில் சொல்லும்போது "புள்ளி" என்று வாய் திறந்து சொல்.

இன்னும் மூன்று செட்டிங்:

- மேப் டேட்டம் டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்க வேண்டும். பழைய வரைபடத்துக்காக யாராவது வேறு ஏதாவது மாற்றி வைத்திருந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கினால் முதலில் இதைப் பார்.
- சிமுலேட்டர் அல்லது டெமோ மோடு. கடையில் காட்டுவதற்காகப் போட்டதை அணைக்காமல் தந்திருப்பார்கள். போட்டு கரையில் கட்டியிருக்கும்போதே மெஷினில் வேகம் காட்டினால் இதுதான்.
- எஸ்பாஸ் என்றோ வாஸ் என்றோ ஒரு செட்டிங் இருக்கும். போட்டு வை. நம் நாட்டின் ககன் சாட்டிலைட்டுகள் தரும் திருத்தத்தை வாங்கிக்கொள்ளும் மெஷின் என்றால் இடம் இன்னும் துல்லியமாக வரும். ஜிபிஎஸ்ஸோடு க்ளோனாஸ், கலிலியோ, நாவிக் எது இருந்தாலும் சேர்த்துப் போடு. சாட்டிலைட் கூடக் கூட நல்லது.

இவ்வளவையும் ஒரே நொடியில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு காசு செலவில்லை. துறைமுக வாயில், தூண்டில் வளைவின் முனைக்கு நேராக வரும்போது ஒரு பாயிண்ட் குறித்து வை. ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் அதே இடத்தில் மெஷின் அதே பாயிண்டைக் காட்டுகிறதா என்று பார். பத்துப் பதினஞ்சு மீட்டர் வித்தியாசம் ஒன்றும் இல்லை. நூறு, இருநூறு மீட்டர் தள்ளினால் காரணம் தெரியாமல் வாயிலைத் தாண்டாதே.

8. இதெல்லாம் கோளாறே இல்லை, பயப்படாதே

போட்டு நிற்கும்போது திசை முள் பம்பரமாகச் சுற்றுகிறதா? ஜிபிஎஸ்ஸுக்கு அணியம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது, போட்டு நகர்கிற பக்கம்தான் தெரியும். நகராத போட்டுக்கு அது என்ன காட்டும்? திசைக்கு காம்பஸைப் பார். நீவாடு பக்கவாட்டில் இழுக்கும்போது காம்பஸ் ஒன்று காட்டும், ஜிபிஎஸ் வேறொன்று காட்டும். இரண்டும் சரிதான்.

பழைய பெட்டியில் தேதி மட்டும் இருபது வருஷம் பின்னால் காட்டுகிறதா? ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரைதான் எண்ணும், அப்புறம் பூஜ்யத்துக்குப் போகும். கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் அப்படிப் போனது. இடம் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் அந்தப் பெட்டி காட்டுகிற ஏற்றவற்ற நேரத்தையும் சூரிய உதயத்தையும் நம்பாதே. சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று கடையில் கேள்.

9. பொழுது சாய்ந்ததும் கட்டைகள் துடித்தால்

இதை நம் கரையில் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனைக்குப் பக்கத்தில்தான் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவர் ஊரை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட் விட்டதே இதற்காகத்தான். அந்தக் கோட்டை ஒட்டிய வானத்தின் மேலடுக்கு, பொழுது சாய்ந்ததிலிருந்து நடுராத்திரி வரை சில நாட்களில் கொதிக்கிற மாதிரி கலங்கும். அதைத் தாண்டி வருகிற சிக்னல் துடிக்கும், சில சாட்டிலைட் விட்டுவிட்டு வரும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியன் உக்கிரமாக இருக்கிற வருஷங்களில் இது அதிகம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துப் போட்டை வயர்லெஸ்ஸில் கேள். அவனுக்கும் அதேதான் என்றால் வானம். உனக்கு மட்டும் என்றால் உன் ஒயர். வானம் என்றால் பெட்டியைக் கழற்றாதே, வேகத்தைக் குறைத்து, காம்பஸையும் ஆழம் காட்டும் மெஷினையும் பார்த்து ஓட்டு. நேரம் போனால் தானே சரியாகும்.

10. வளைகுடாவில் போட்டு ஓட்டும் தம்பிகளுக்கு

பஹ்ரைனிலும் சவுதியிலும் கத்தாரிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் போட்டில் நிற்கிறார்கள்! அங்கே பிரச்சினை வேறு. வேண்டுமென்றே சிக்னலை அமுக்குகிறார்கள், பொய்ச் சிக்னலும் விடுகிறார்கள். 2025 ஜூனில் ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் ஏராளமான கப்பல்களின் இடம் குழம்பிப் போனது. போட்டு திடீரென்று தரைமேல் நிற்பதாகக் காட்டும், ஒரே இடத்தில் வட்டம் போடுவதாகக் காட்டும், நேரம் தாறுமாறாக மாறும், பக்கத்தில் உள்ள எல்லாப் போட்டுக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் போகும். இப்படி எதைப் பார்த்தாலும் ஜிபிஎஸ்ஸை நம்புவதை அந்த நிமிஷமே நிறுத்து. எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் தொழிலை நிறுத்திவிட்டு, காம்பஸை வைத்துக் கரைப் பக்கம் வா. பிடிக்காமல் போன மீனை அடுத்த நாள் பிடிக்கலாம். வேற்று நாட்டுச் சிறையிலிருந்து உன்னைக் கொண்டுவர உன் வீட்டுப் பெண்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும்.

11. நடுக்கடலில் அணைந்தே போய்விட்டால்

- முதலில் நேரத்தையும், கடைசியாகக் காட்டிய பாயிண்டையும், ஓடிய திசையையும் வேகத்தையும் எழுது. அதற்கு அப்புறம் ஒயரைப் பார். இந்த வரிசையை மறந்தால் பத்து நிமிஷத்தில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போகும்.
- வயர்லெஸ்ஸில் கண்ணுக்குத் தெரிகிற போட்டைக் கூப்பிட்டு அவர் பாயிண்டைக் கேள். ஆபத்து என்றால் சேனல் 16.
- மொபைலில் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டியதில்லை. ஆனால் மேப்பைக் கரையிலேயே டவுன்லோட் பண்ணி வைத்திருக்க வேண்டும். டவர் இல்லாத இடத்தில் முதல் தடவை இடம் பிடிக்க நேரம் எடுக்கும், வானம் தெரிகிற இடத்தில் பிடித்துக்கொண்டு நில்.
- டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்துவிட்டால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸுக்கு 1093. இந்த இரண்டையும் மொபைலில் மட்டும் இல்லை, வீல் ஹவுஸ் சுவரிலும் எழுதி வை.
- அப்பா தாத்தா பார்த்த கணியம் உனக்குத் தெரியுமா? எந்த மலைக்கு எந்தக் கோயில் கோபுரம் நேராக வந்தால் எந்தப் பார் என்று? தெரியாது என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு கரையோரம் ஒரு சுற்றுப் போ. கரை தெரிகிற தூரத்தில் பேட்டரியே இல்லாமல் இடம் சொல்வது அது ஒன்றுதான். அவர் கண் தெரியும்போதே கேட்டு வை.

12. போட்டில் ஒரு டப்பா, வீட்டில் ஒரு தாள்

மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் இவை இருக்கட்டும்: சரியான ஆம்பியர் ஃப்யூஸ் ஒரு கைப்பிடி, சின்ன மல்டிமீட்டர், ரப்பர் டேப், ஒயர் உரிக்கும் கட்டிங் பிளேயர், உப்புத் தாள், டார்ச். முடிந்தால் பென்சில் பேட்டரியில் ஓடுகிற கை ஜிபிஎஸ் ஒன்று. அதை வாங்கி டப்பாவில் போட்டு மறந்துவிடாதே. வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் போட்டுப் பார். போடாத நாளில் செல்லைக் கழற்றி வை, இல்லையென்றால் ஒழுகி உள்ளே அரிக்கும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதே. ஆன்டெனாவையும் கேபிளையும் சேர்த்துக் கொண்டுபோ. பெட்டி கடையில் நன்றாக வேலை செய்யும், போட்டில் செய்யாது, நீயும் கடைக்காரரும் சண்டை போடுவீர்கள். கொடுக்கும் முன்னால் பாயிண்ட் எல்லாவற்றையும் மெமரி கார்டிலோ நோட்டிலோ எடுத்துக்கொள்.

கடலுக்குக் கிளம்பும் முன்னால், எந்தப் பக்கம் போகிறாய், உத்தேசமாக எந்தப் பாயிண்ட், எப்போது திரும்புவாய் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடு. 2017 நவம்பரில் ஓகி புயல் அடித்தபோது, எந்தத் திசையில் போனார்கள் என்றுகூடச் சொல்லத் தெரியாமல் எத்தனை வீட்டு வாசலில் பெண்கள் நின்றார்கள் என்று நம் கரைக்குத் தெரியும். உன் பாயிண்ட் ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயமா? தாளை மடித்து ஒட்டிக் கொடு. நீ சொன்ன நாளைத் தாண்டினால் மட்டும் பிரிக்கச் சொல். டிகிரி, மினிட், செகண்ட் எது என்று அதிலும் எழுது. போட்டில் வைக்கிற நோட்டில் மட்டும் பேனா வேண்டாம், பென்சிலால் எழுது. ஈரம் பட்டால் மை கரைந்துவிடும்.